பாதி காத்து

சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் அதில் குண்டூசியால் ஒரு குத்து குத்துவார். உஸ்ஸென்று காற்று இறங்கும். உள்ளங்கையால் அமுக்கித் தட்டையாக்கிவிட்டு, "பாத்தியா? பாதி காத்து" என்பார். அதற்குப் பிறகுதான் பிரிப்பார். அதற்குள் சிப்ஸ் பாதி தூளாகியிருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. பாக்கெட் சின்னதாகிவிட்டது, அவருக்கு அது போதும்.

நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். முதலாளி மட்டும் மேடம் என்பார். அக்கா மதுரைப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஓசூரில் ஆலை வேலை கிடைத்ததும் கூடவே வந்து, மத்திகிரியில் வாடகைக்குக் குடியிருந்தார். நான் தர்மபுரிக்காரன், வாய் ஓயாதவன். பஸ் லேட்டு என்று சொல்ல வேண்டுமென்றால்கூட டிரைவருக்கு எந்த ஊர் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேஜையின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார வைத்தது முதலாளியின் குறும்பா, இன்னொரு மேஜை வாங்க மனமில்லாததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. சிப்காட் ரோட்டில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டில் யாரோ எழுதி ஊருக்கே விட்டுக்கொடுத்த ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எடுத்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதைச் சேர்த்து, சுற்றியுள்ள ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் கொடுத்துவந்தோம். சூடு பார்க்க ஒன்று, மோட்டாரை நிறுத்த ஒன்று, ஆபத்து வந்தால் மணி அடிக்க ஒன்று என்று வேலைக்கு ஒரு மென்பொருள். அவற்றையெல்லாம் சுருக்கி, மூட்டை கட்டி, ஃபிளாப்பிகளில் ஏற்றிப் பெட்டியில் போடுவது அக்காவின் வேலை. அதைக் கொண்டுபோய் வாடிக்கையாளர் மெஷினில் விரித்து ஓடவைப்பது என் வேலை. அவர் கட்டுவார், நான் அவிழ்ப்பேன்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் கட்டினாலும் ஒரு பெட்டி நிறைய வரும் மென்பொருளை அக்கா பாதிப் பெட்டியில் அடக்கிவிடுவார். முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் ஆட்டிக் காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஆரம்பத்தில்.

ஆனால் அந்தச் சுருக்குகிற புத்தி ஃபிளாப்பியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டிபன் பாக்ஸில் இட்லியை அமுக்கி அமுக்கி அடைத்துக்கொண்டு வருவார். அது இட்லியா அடையா என்று தெரியாது. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "இன்னும் எடம் இருக்கு, நகருங்க" என்பார். ஜன்னலோரம் இருப்பவர் முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெளிவார். போனில் பேசினால் வணக்கமும் கிடையாது, வைக்கட்டுமாவும் கிடையாது. விஷயம் முடிந்த இடத்தில் ரிசீவர் கீழே போய்விடும். எதிர்முனையில் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டதென்று மறுபடி கூப்பிடுவார். நான் எடுத்து, "லைன்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, அக்கா பேசி முடிச்சிட்டாங்க" என்று சமாதானம் சொல்வேன்.

நான் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். முடித்ததும் ஒரே வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்வார். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து, ஜாதகம் பொருந்தி, பூ வைக்கிற அன்று அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்து, எல்லாம் நின்றுபோனதை ஒரு மத்தியானம் முழுக்க அவரிடம் சொன்னேன். "தள்ளிப்போச்சு" என்றார் அக்கா. அவ்வளவுதான். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று. உள்ளே பொருள் இருப்பதே தெரியாது. பாத்திரத்துக்குள் பாத்திரம், அதற்குள் டம்ளர், டம்ளருக்குள் கரண்டி. எனக்குக் காபி கொடுக்க ஒரு டம்ளர் எடுப்பதற்குள் சமையலறையையே பிரிக்க வேண்டியிருந்தது. தலையணைகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி அலமாரிக்கு மேலே வைத்திருந்தார். ஒற்றைக் கட்டில். அவர் கணவருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட், அதைக் கேட்டு வாங்கச் சொன்னதே அக்காதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரெண்டு கட்டில் எதுக்கு? ஒண்ணு சும்மா கெடக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் கணவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பிறகு என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்த அந்த மனிதர், டீக்கடை முன் நின்று கேட்டார்:

"தம்பி, எங்க வீட்ல ஆபீஸ்ல பேசுவாளா?"

"பேசுவாங்களே. என்ன, கம்மியாத்தான் பேசுவாங்க."

"இங்கிட்டு அதுவும் இல்ல. போறப்ப 'சாவி'ம்பா. வர்றப்ப 'சோறு'ம்பா. மிச்சத்த நானாத்தான் யோசிச்சு அர்த்தம் பண்ணிக்கணும். சில நாளு தப்பாப் போயிரும்." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

தந்தி விஷயத்தைச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். எங்கள் வாட்ச்மேன் பாகலூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவருடைய அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தார். கோயம்புத்தூரில் இருந்த அண்ணனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி மேலே வந்தார். நான் அன்று வெளியூர் போயிருந்தேன். அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, அண்ணன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார், உடனே கிளம்பி வரவும். அக்கா அதை எழுதினார். எழுதியதைப் பார்த்தார். முதலில் அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதை அடித்தார். பிறகு முடியவில்லை என்பதை அடித்தார். கடைசியில் மிஞ்சியது ஒரே சொல்: வா.

அண்ணன் வந்தார். தம்பி மகளுக்கு எங்கேயோ சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும், அது முடிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நிதானமாக லீவு சொல்லி, புது வேட்டி எடுத்து, பெரிய பெட்டியில் அல்வா வாங்கிக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வந்து இறங்கினார். தெருவில் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்து, கல்யாணப் பந்தல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாராம். பக்கத்தில் வந்த பிறகுதான் ஆட்கள் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கிறது.

வாட்ச்மேன் காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தபோது இதை எங்களிடம் சொன்னார். யார்மேலும் குறை சொல்லவில்லை, அழுதார், அவ்வளவுதான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்:

"வந்துட்டாருல்ல?"

கெட்ட மனசு உள்ளவர் கேட்கிற கேள்வி இல்லை அது. அப்படி இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மாதம் முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் வாட்ச்மேன் பையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வைத்துவிட்டுப் போனவரும் இதே அக்காதான். கொட்டையை எடுத்து, அமுக்கிக் கட்டிய பொட்டலம். எனக்கு அவரைப் பிடிக்கும். பிடித்துக்கொண்டேதான் பயந்தேன்.

இப்போது பெங்களூரில் பெரிய இடத்தில் இருக்கிறார் என்று கேள்வி. கெலமங்கலம் சமாச்சாரத்துக்குப் பிறகு கொஞ்ச நாளில் இங்கிருந்து போய்விட்டார். அவருக்குக் கீழே ஏகப்பட்ட பேர் வேலை செய்கிறார்களாம். எதைச் சுருக்குகிறார்களோ, யார் அதைப் பிரிக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

கெலமங்கலம் சமாச்சாரத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் அவர் செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் ஃபிளாப்பியில் பூசணம் பிடிக்கும். ஒரு செட்டில் எத்தனை ஃபிளாப்பி இருக்கிறதோ அத்தனை தலைவலி. இதைக் குறைக்க வழி பாருங்கள் என்று முதலாளி சொன்னதுதான் தாமதம், சுருக்கும் முறையையே மாற்றப் போகிறேன் என்றார் அக்கா. புதிதாக ஒரு முறை வந்திருந்தது. அதை எங்கிருந்தோ தருவித்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துப் புதிய முறையில் திரும்பக் கட்டினார்.

சுருக்குவதென்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பெயர்ப் பட்டியலில் ஊர்ப் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, கீழே வரிசையாக 'மேற்படி, மேற்படி' என்று போடுவோமே, அதுதான். பழைய முறை பக்கத்தில் இருக்கும் வரிகளைப் பார்த்து மட்டும் மேற்படி போடும். புதிய முறை பல பக்கங்களுக்கு முன்னால் வந்ததற்கும் இங்கே மேற்படி போடும். அதனால் மூட்டை ரொம்பவே சின்னதாகிவிடும். ஆனால் அதைப் படிக்கிறவன் முன்னால் வந்த அத்தனை பக்கத்தையும் நினைவில் வைத்திருந்தால்தான் எந்த மேற்படி எதைச் சொல்கிறது என்று புரியும். மெஷினும் அப்படித்தான். எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவு இடம் அதற்கு விரிக்கும்போது நினைவகத்தில் வேண்டும். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும்.

"ஏங்கா, வாடிக்கக்காரங்க கிட்ட இருக்கறதெல்லாம் பழைய சின்ன மெஷினு. அதுல இது விரியுமா?" என்று கேட்டேன்.

"விரியும்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பார்க்காமல் சொல்லவில்லை. நானே ஒவ்வொரு இடமாகப் போய்ப் புதிய செட்டைப் போட்டேன். எல்லா இடத்திலும் விரிந்தது. நேரம்தான் பிடித்தது, உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன். காரணம், நான் போடும்போது மெஷின் முழுக்கக் காலியாக இருக்கும். காலி வீட்டில் எவ்வளவு பெரிய பாயையும் விரிக்கலாம். குடித்தனம் நடக்கும் வீட்டில் விரிக்க முடியுமா என்று அக்கா பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்போம். வாடிக்கையாளர்களிடம் இருந்த பழைய செட்டுகளைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பினார். அந்த ஃபிளாப்பிகளை அழித்துப் புதிய செட்டுக்குப் பயன்படுத்தலாமாம். எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருந்த மூல செட்டையும் அழித்தார். "ரெண்டு எதுக்கு?" என்றார். முதலாளி தலையாட்டினார்.

அப்படித்தான் நானும் அக்காவும் கெலமங்கலம் தாண்டி இருந்த அந்தக் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். முன்பு ராகியும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்து, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இரண்டு பொரிப்பு அறைகள். முதல் அறை புதிது, கம்ப்யூட்டர் சொன்னால்தான் அதில் எதுவும் ஓடும்; இரண்டாவது பழையது, கை சுவிட்சுகள் அப்படியே இருந்தன. இரண்டின் சூட்டையும் காற்றையும் எங்கள் ஒரே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. பேச்சில் எனக்கு அண்ணன் அந்த மனிதர். முட்டையைக் காதில் வைத்துப் பார்க்கச் சொல்வார். "ஓட்டுக்குள்ளயே பேசும் சார், கேளுங்க" என்பார். நிஜமாகவே கேட்கும், கீச்சென்று, எங்கேயோ தூரத்தில் இருந்து கூப்பிடுவதுபோல.

பழைய செட்டைக் கேட்டதும் தயங்கினார். "இருந்துட்டுப் போவட்டுமேம்மா. ஒரு மூலைல கெடக்கட்டும். சோறா கேக்குது?"

"வேணாம். குடுங்க."

கொடுத்தார். கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமென்று ஒரு முட்டையை பல்பின் முன்னால் பிடித்தார். உள்ளே எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. "மொட்டப் பக்கம் காலியா தெரியுது பாருங்கம்மா. அது காத்து. குஞ்சு வெளிய வர்றதுக்கு முன்ன மூக்க மொதல்ல அங்கதான் நீட்டும்."

அக்கா குனிந்து பார்த்தார். "எவ்வளவு எடம் வேஸ்ட்டு" என்றார்.

பண்ணைக்காரர் அதை ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மடியில் வைத்திருந்த அந்த ஃபிளாப்பிப் பெட்டி முதுகில் இடித்துக்கொண்டே இருக்க, நான் மொபெட்டை ஓட்டினேன். வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் போன் வந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு முதல் அறையின் ஃபேனும் ஓடவில்லை, ஹீட்டரும் எரியவில்லை. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் கெட்டுப்போயிருந்தது. இரண்டாவது அறைக்கு ஒன்றும் இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இன்னிக்குத்தான் பொரியணும். ரெண்டு ரூமும். ஓடு கொத்த ஆரம்பிச்சிருச்சு. ஜனங்க டப்பாவோட வந்து நிக்கறாங்க. சீக்கிரம் வாங்க சார்" என்றார்.

அக்கா புதிய செட்டை எடுத்துக்கொண்டு என் மொபெட்டில் பின்னால் ஏறினார். மத்திகிரி தாண்டிக் கெலமங்கலம் ரோட்டில் போகும்போது நான்தான் பேசிக்கொண்டே போனேன், பயத்தில்.

பண்ணை வாசலில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் கொட்டகையைக் கூட்டி, உமி பரப்பி, பல்பு கட்டிவிட்டு வந்தவர்கள். இந்தக் குஞ்சுகளை நம்பித்தான் அவர்களுக்கு அடுத்த சில மாதங்கள். முதல் அறையின் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வேலைக்காரப் பெண்கள் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பொரியும் நேரத்தில் முட்டைக்குள்ளிருந்தே சூடு கிளம்பும், காற்று ஓடாவிட்டால் குஞ்சு உள்ளேயே வெந்துவிடும். நானும் ஒரு அட்டையை வாங்கினேன்.

அக்கா இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதல் ஃபிளாப்பியைப் போட்டார். கொஞ்சம் ஓடியது, நின்றது. நினைவகம் போதவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. மறுபடி போட்டார். அதே வரி. மெஷினில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. பாய் விரிக்க இடம் இல்லை.

ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்து, "அக்கா, பழைய செட்டு எங்கயாச்சும் ஒண்ணாவது..." என்றேன்.

"இல்ல."

"நான் ஆபீஸ் போயி அங்க விரிச்சு எடுத்துட்டு வர்றேன்."

"லேட்டாகும். நீ போய் விசிறு."

போனேன். போகும்போது திரும்பிப் பார்த்தேன். அக்காவின் விரல்கள் கீபோர்டில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில், "எடம் கெடச்சிருச்சு" என்று குரல் வந்தது. வாசலில் இருந்தவர்கள்கூட அதைக் கேட்டு எழுந்து நின்றார்கள்.

ஃபிளாப்பிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எவ்வளவு விரிந்திருக்கிறது என்று காட்டும் ஒரு கோடு திரையில் ஊர்ந்தது. புதிய முறைக்கே உரிய நிதானத்தில் ஊர்ந்தது. எங்களுக்குக் கை ஓய்ந்து, ஆள் மாற்றி ஆள் விசிறினோம். பண்ணைக்காரர் அக்காவின் நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தேவுடா, தேவுடா" என்று முனகிக்கொண்டே நின்றிருந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு முதல் அறையில் ஃபேன் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் விசிறிய பெண்களில் ஒருத்தி உட்கார்ந்து அழுதுவிட்டாள். உள்ளே தட்டுத் தட்டாகக் கீச்கீச்சென்று இரைச்சல். ஈரத் தலையோடு குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. பண்ணைக்காரர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நானும் சந்தோஷத்தில் ஏதேதோ உளறினேன், அக்கா மாதிரி உண்டா என்றேன்.

யாரோ டீ கொண்டுவந்தார்கள். அக்கா டம்ளரைத் தொடாமல், இடம் பண்ணுவதற்காக நிறுத்தி வைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடவிட ஆரம்பித்தார். எவற்றையெல்லாம் நிறுத்தியிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் மணி அடிக்கும் மென்பொருளை விட்டார். விட்ட மாத்திரத்தில் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. பண்ணைக்காரர் முதல் அறையைப் பார்த்தார். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. பிறகு இரண்டாவது அறைக்கு ஓடினார். கதவைத் திறந்ததும் வெக்கை தெருவரை வந்து முகத்தில் அறைந்தது. அந்த அறையின் மென்பொருளை அக்கா நிறுத்திய நேரத்தில் அங்கே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. போதும், அணை என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லாததால் மத்தியானம் முழுக்க அது எரிந்திருக்கிறது.

அவர் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அடுத்த தட்டிலிருந்து ஒன்று. கீழ்த் தட்டிலிருந்து ஒன்று. மணியை யாரும் நிறுத்தவில்லை. பாதி ஓட்டை உடைத்து மூக்கை வெளியே நீட்டிய நிலையில் எத்தனையோ குஞ்சுகள் அப்படியே இருந்தன.

வெகு நேரம் கழித்துக் கையில் ஒரு முட்டையோடு வெளியே வந்தார். கோபம் இல்லை. அக்காவிடம் கேட்டார்:

"ஏம்மா, இந்த ரூம நிறுத்துனீங்களா?"

"புரோகிராமத்தான்."

"எதுக்கும்மா?"

"எடம் வேணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. இது பழைய ரூமும்மா, ஹீட்டர் சுவிட்ச அணைச்சிட்டு, ஃபேன மட்டும் நேரா கரண்ட்ல விட்டுட்டு, தெர்மாமீட்டரோட ஒரு ஆள நிக்க வெச்சிருப்பனே. இந்த கம்ப்யூட்டரு வர்றதுக்கு முன்ன நாங்க அப்படித்தானம்மா பொரிச்சோம். ஒரே ஒரு வார்த்த."

அக்கா அவரையே பார்த்தார். தந்தி விஷயத்தில் பார்த்த அதே பார்வை, நிஜமாகவே புரியாத பார்வை.

"நேரமில்ல" என்றார்.

அந்தக் கோடு திரையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்ச் சேரும்வரை, அந்த மத்தியானம் முழுக்க, அந்த மனிதர் அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயேதான் நின்றிருந்தார்.